தவறவில்லை என்று எப்படித் தெரியும்?

கேள்வி: வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டே செல்போனில் வரும் செய்திகளையும் படிக்கிறேன். இதுவரை எதுவும் தவறியதில்லை. கவனம் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் நிற்கும் என்று போன இதழில் எழுதினீர்கள். அது அவரவர் திறமையைப் பொறுத்தது இல்லையா?

பதில்: தவறியதை மனம் தானாக வந்து சொல்லாது. உங்கள் வாதத்தில் உள்ள ஓட்டை அதுதான்.

1992-ல் ரேமண்ட், ஷாபிரோ, ஆர்னெல் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் ஒரே இடத்தில், விநாடிக்குச் சுமார் பத்து வீதம் கறுப்பு எழுத்துகள் வந்து மறையும். நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை. அது என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். பிறகு ‘எக்ஸ்’ வந்ததா என்றும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கு அடுத்த எழுத்தாகவே எக்ஸ் வந்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடுகிறது. ஏறத்தாழ 200 முதல் 500 மில்லிவிநாடிக்குள் வந்தால் அடிக்கடி கோட்டைவிடுகிறார்கள். அதையும் தாண்டி வந்தால் மறுபடி தெரிகிறது. ‘வெள்ளையை விட்டுவிடுங்கள், எக்ஸை மட்டும் பாருங்கள்’ என்று சொன்னால் அதே இடைவெளியில் வரும் எக்ஸ் நன்றாகவே தெரிகிறது! ஆக, கண்ணில் குறையில்லை. முதலில் வந்ததை மனம் பதிய வைத்துக்கொண்டிருக்கும்போது அடுத்தது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதே பரவலான விளக்கம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1996-ல் லக், வோகல், ஷாபிரோ செய்த ஆய்வு. இதில் எக்ஸுக்குப் பதில் ஒரு சொல் வரும். இப்படித் தவறவிட்ட சொல்லுக்கும் மூளை பொருள் கண்டிருந்தது. மின் துடிப்புப் பதிவில் அது தெரிந்தது. ஆனால் பார்த்தவரால் சொல்லைச் சொல்ல முடியவில்லை. பொருள்வரை போய்விட்டுக் கைநழுவிய சொல் அது.

இதெல்லாம் அரை விநாடிக் கணக்கு. நீங்கள் ஒரு செய்தியைப் படித்துப் பதிலும் யோசிக்கப் பல விநாடிகள் ஆகும். 1953-லேயே காலின் செர்ரி என்ற ஆய்வாளர், இரு காதுகளுக்கும் வெவ்வேறு பேச்சைக் கேட்க வைத்துக் காட்டினார்: ஒரு காதில் கேட்பதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மறு காதில் பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

திறமைக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கை பழகிய வேலை தன்பாட்டில் நடக்கும்; அதோடு பேச்சும் சேரும். புதிய பாடம் அப்படிப் பழகிய வேலை அல்ல.

அடுத்த வகுப்பில் செய்தி படித்த நேரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது ஆசிரியர் என்ன சொன்னார் என்று முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு பக்கத்தில் இருந்தவரின் குறிப்போடு ஒப்பிடுங்கள். கிடைத்ததை எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.