வகுத்துப் பாருங்கள்: விமான டயோரமா கேள்வி-பதில்

மாடல் விமானத்தைத் தரை, ஆட்களோடு ஒரு சின்னக் காட்சியாக அமைப்பதுதான் டயோரமா. இந்தத் தடவை வாசகர்களிடமிருந்து வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு வேஷத்தில். "எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால் போட்டோவில் பொம்மையாகத் தெரிகிறது." என் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். 1/48 மாடல் என்றால் நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு. விமானத்தை 48-ஆல் வகுத்துக் கொடுத்து கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள்) தயாரித்தவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். மிச்சத்தில் எதையெல்லாம் நீங்கள் வகுக்காமல் விட்டீர்கள் என்று தேடுங்கள். கல், புல், பெயின்ட் உரிசல், கேமரா நிற்கிற உயரம் வரைக்கும் அதே எண்ணால் வகுபட வேண்டும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: 1/48 ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர் காலத்துப் போர்விமானம்), புல்தரை பேஸ், இரண்டு மெக்கானிக்குகள். நேரில் பார்த்தால் நன்றாக இருக்கிறது. மொபைலில் எடுத்தால் மேசை மேல் வைத்த சாமானாகத் தெரிகிறது. எங்கே தப்பு?

நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்திருக்கிறீர்கள். லென்ஸ் மேசைக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருந்திருக்கும். அதை 48-ஆல் பெருக்குங்கள்: 14 மீட்டருக்கு மேல், அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. விமானத்தளத்தில் நின்று படமெடுத்தவர் யாரும் அந்த உயரத்தில் இல்லை. தரையில் நிற்கிற ஆளின் கண் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும், 1/48-இல் அது வெறும் 33 மில்லிமீட்டர், 1/72 என்றால் 22.

மொபைலைத் தலைகீழாகப் பிடித்து மேசை மேல் நிறுத்துங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும், தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் நிற்கும். அது 1/48-இல் குந்தி உட்கார்ந்து படமெடுப்பவரின் உயரம். நின்று எடுத்தது போல வேண்டும் என்றால் அடியில் இரண்டு மெல்லிய புத்தகங்களை வையுங்கள், போதும்.

அடுத்தது தூரம். மொபைலை விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் ப்ரொப்பெல்லர் பூதாகாரமாகவும் வால் சுண்டைக்காயாகவும் வரும், ஏனென்றால் 10 சென்டிமீட்டர் என்பது உங்கள் மாடலின் உலகத்தில் 5 மீட்டர்கூட இல்லை. உண்மையான விமானத்தை 20 மீட்டர் தள்ளி நின்று எடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், இங்கே சுமார் 42 சென்டிமீட்டர். அவ்வளவு தள்ளிப் போய், 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் மாற்றிவிட்டு அதே மாடலை மறுபடி எடுத்துப் பாருங்கள், பெயின்ட்டில் கைவைக்கவே வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு.

கேள்வி: கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு எடுக்கிறேன். மூக்கு ஷார்ப்பாக இருந்தால் வால் மங்குகிறது. எஃப் 22 வைத்தால் எல்லாமே கொஞ்சம் சாஃப்ட் ஆகிவிடுகிறது.

இரண்டுமே எதிர்பார்க்க வேண்டியதுதான். பின்னணி அழகாக மங்கினால் முக போட்டோவுக்கு நல்லது, நமக்கு அதுதான் எமன். 20 மீட்டர் தள்ளி நிற்கிற நிஜ விமானம் மூக்கிலிருந்து வால் வரை ஒரே தெளிவில் தெரியும். பாதியில் மங்கினாலே பார்ப்பவரின் மூளை "இது சின்னப் பொருள்" என்று முடிவு கட்டிவிடும். நிஜ ஊரின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கி அதைப் பொம்மை ஊராகக் காட்டும் வித்தை இருக்கிறதே, அது இதைத் திருப்பிப் போட்டதுதான்.

எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சின்னதாகும். எஃப் 22-இல் துளை அவ்வளவு சின்னதாகும்போது ஒளி அதன் விளிம்பில் சிதறி மொத்தப் படத்தின் கூர்மையையும் தின்றுவிடும். எஃப் 8 அல்லது 11-க்கு வாருங்கள், ட்ரைபாடில் மாட்டுங்கள், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இரண்டையும் மேனுவலில் பூட்டுங்கள். ஃபோகஸை ப்ரொப்பெல்லரின் முன்நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். பிறகு ஃபோகஸ் ஸ்டாக்கிங் மென்பொருளில் சேர்த்தால் ஒவ்வொன்றிலிருந்தும் தெளிவான பகுதியை மட்டும் எடுத்து ஒரே படமாகத் தரும். வாலின் பின்நுனியைத் தாண்டி, தரையின் கடைசி வரைக்கும் போக மறக்காதீர்கள், பலர் வாலோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: கேனோபிக்குப் (காக்பிட்டின் கண்ணாடி மூடி) பின்னாலிருந்து வாலுக்குப் போகிற ரேடியோ ஏரியல் கம்பி. ஸ்டாக்கிங் மென்பொருள் இந்த மெல்லிய கோட்டில் தடுமாறும். கம்பியைச் சுற்றி ஒரு வெளிறிய நிழல் வரும், இல்லை கம்பி நடுவில் துண்டாகும். அந்த இடத்தை மட்டும் கம்பி ஃபோகஸில் இருக்கும் தனிப் படத்திலிருந்து கையால் எடுத்து ஒட்டுவதுதான் வழி.

கேள்வி: இரண்டு பக்கமும் விளக்கு வைத்துத்தான் எடுக்கிறேன், ஆனாலும் இயற்கையாக இல்லை.

இரண்டு விளக்கு, இரண்டு நிழல். நமக்கு இருப்பது ஒரே சூரியன். ஒரு விளக்கை அணையுங்கள்.

மிச்சமிருக்கும் விளக்கு சூரியனாக வேண்டும் என்றால் அதற்கும் கணக்கு உண்டு. வானத்தில் சூரியன் பிடிக்கிற இடம் சுமார் அரை டிகிரிதான், அதனால்தான் வெயில் நிழலுக்கு அவ்வளவு கறாரான விளிம்பு. 1 சென்டிமீட்டர் அகலமுள்ள சின்ன எல்இடியை ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அதே அரை டிகிரி. பெரிய சாஃப்ட்பாக்ஸை (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் பெட்டி) பக்கத்தில் வைத்துவிட்டு உச்சி வெயில் காட்சி என்று சொன்னால் எடுபடாது, அது மேகமூட்டத்துக்கான வெளிச்சம். நிழல் ரொம்பக் கருத்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பைக் கலக்காதீர்கள்; பகல் வெளிச்சம் 5500 கெல்வின் பக்கம், மஞ்சள் பல்பு 2700 பக்கம், ஒயிட் பேலன்ஸ் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இறக்கை ஒன்று நீலமாகவோ ஆரஞ்சாகவோ வரும்.

கேள்வி: 1/35 அளவில் நல்ல மனித உருவங்கள் நிறையக் கிடைக்கின்றன. 1/48 விமானத்தோடு வைக்கலாமா?

கூடாது. 1.75 மீட்டர் ஆள் 1/48-இல் 36 மில்லிமீட்டர், 1/35-இல் 50. உங்கள் மெக்கானிக்கின் உயரம் 2.4 மீட்டர் ஆகிவிடும். 1/32 விமானம் என்றால் வைக்கலாம், அங்கே 55-க்கு 50, கொஞ்சம் குள்ளமான ஆள் என்று போய்விடும். வண்டி, பெட்ரோல் டிரம் மாதிரி அளவு நிலையான சாமான்களில் மட்டும் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மஸ்கிட்டோ விமானம் செய்திருக்கிறேன். இறக்கை முழுக்க வெள்ளி நிறத்தில் பெயின்ட் உரிசல் போட்டேன். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். ஏன்?

மஸ்கிட்டோவின் உடலும் இறக்கையும் மரம். ப்ளைவுட்டும் பால்சாவும். அங்கே எங்கிருந்து அலுமினியம் எட்டிப்பார்க்கும்? எஞ்சின் மூடிகளில் வெள்ளி உரிசல் இருக்கட்டும், இறக்கையில் இருப்பதை மூடிவிடுங்கள்.

உரிசல் போடுவதற்கு முன் அந்த இடம் எதனால் ஆனது, அங்கே யார் கால் வைப்பார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஹரிக்கேனின் உடலின் பின்பாதி துணி. ஸ்பிட்ஃபயரின் ரடர் (வாலில் திரும்புகிற பலகை) துணி. துணி அழுக்காகும், நிறம் வெளுக்கும், வெள்ளியாகப் பளபளக்காது. ஸ்பிட்ஃபயரின் காக்பிட் கதவு இடது பக்கம். ஆகவே விமானியும் மெக்கானிக்கும் ஏறி இறங்கித் தேய்வது இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேல்பக்கம்தான். துப்பாக்கி மூடிகள், பெட்ரோல் மூடி, அடிக்கடி கழற்றுகிற எஞ்சின் தகடுகளின் விளிம்பு, இவற்றில் போடுங்கள். இரண்டு இறக்கையிலும் ஒரே அளவாகத் தூவினால் அம்மைத் தழும்பாகத்தான் இருக்கும்.

அளவும் முக்கியம். 1/48-இல் 1 மில்லிமீட்டர் புள்ளி என்பது நிஜத்தில் 5 சென்டிமீட்டர் ஓட்டை. தூரிகை நுனியால் அதைவிடச் சின்னதாக வைப்பது கஷ்டம், அதனால் ஸ்பாஞ்சைக் கிள்ளி, பெயின்ட்டில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மிச்சத்தால் லேசாக ஒற்றுங்கள்.

கேள்வி: 1944 நார்மண்டி காலத்து விமானம். கறுப்பு வெள்ளைப் பட்டைகளை மாஸ்கிங் டேப் ஒட்டி ஏர்பிரஷ்ஷில் (பெயின்ட் தெளிக்கும் கருவி) கச்சிதமாக அடித்தேன். சரிதானே?

கச்சிதம்தான் பிரச்சினை. ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்குவதற்கு ஓரிரு நாள் முன்புதான், தங்கள் விமானம் என்று அடையாளம் தெரிவதற்கான இந்தப் பட்டைகளை, ரகசியம் கசியக்கூடாது என்பதால், அவசர அவசரமாக அடித்தார்கள், பல தளங்களில் வெறும் பிரஷ்ஷால். கோடு நெளிந்திருக்கும், வெள்ளையில் கீழ்நிறம் எட்டிப்பார்க்கும். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு, ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொன்றும் 18 அங்குலம். 1/48-இல் ஒன்பதரை மில்லிமீட்டர். டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, எடுத்துவிட்டு, கடைசிப் பூச்சைக் கையாலேயே இழுங்கள். பிரஷ் தடம் தெரிவதற்குப் பாராட்டு கிடைக்கிற ஒரே இடம் இதுதான், அனுபவியுங்கள்.

கேள்வி: குறிப்பில் சொன்ன பச்சையையே வாங்கி அடித்தேன். போட்டோவில் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கிறது.

தூரத்துப் பொருள் காற்றின் வழியே கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், மாடலுக்கு அந்தக் காற்று கிடையாது. அடிக்கும்போதே கொஞ்சம் வெளிர் சாம்பலோ மணல் நிறமோ கலந்துகொள்ளுங்கள். வெறும் வெள்ளை கலந்தால் பச்சை சுண்ணாம்பு பூசியது மாதிரி ஆகும். எவ்வளவு கலக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு சூத்திரம் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், கண்ணை நம்புங்கள். அப்புறம், டயருக்குச் சுத்தக் கறுப்பு வேண்டவே வேண்டாம், அடர்சாம்பல்.

கேள்வி: தரைக்கு வீட்டுத் தோட்டத்து மண்ணையே போட்டேன். இயற்கையான மண், ஆனாலும் செயற்கையாக இருக்கிறதே?

மண் இயற்கைதான், அளவு இல்லை. அரை மில்லிமீட்டர் மணல் 1/72-இல் 36 மில்லிமீட்டர் ஜல்லி. உங்கள் ஓடுதளத்தில் விமானம் ஜல்லிக்குவியலின் மேல் நிற்கிறது. மிக நுண்ணிய சல்லடையில் சலித்து, மாவு போல விழுவதை மட்டும் எடுங்கள், மேலே மிஞ்சியதில் நாலைந்தை மட்டும் கல்லாக அங்கங்கே வையுங்கள். புல்லும் அப்படியே: 6 மில்லிமீட்டர் ஸ்டாடிக் கிராஸ் (செயற்கைப் புல் நார்) 1/72-இல் 43 சென்டிமீட்டர், முழங்கால் உயரம். வெட்டிப் பராமரித்த தளத்துக்கு 2 மில்லிமீட்டரே போதும், சக்கரம் போன தடத்தில் அதையும் நசுக்குங்கள்.

இரண்டாம் உலகப் போரின் துளைபோட்ட இரும்புத் தகடு ஓடுதளம் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 87 துளை. 1/48-இல் 63.5-க்கு 8 மில்லிமீட்டர். செங்கல் கட்டுவது போல ஒரு வரிசைக்கு அடுத்த வரிசையின் இணைப்பு நடுவில் வரவேண்டும், துளைகளின் வழியே கொஞ்சம் மண்ணும் புல்லும் வரவேண்டும்.

பனிக்கு சமையல் சோடா போடலாமா என்றால், வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகும். கண்ணாடி மைக்ரோ பலூன் தூள் (நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள்) நல்லது, ஆனால் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் கையாள வேண்டும்.

கேள்வி: ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்குகிற பலகை) எல்லாம் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். திறந்து வைத்தால்தானே விவரம் தெரியும்?

விவரம் தெரியும், கூடவே உங்களுக்கு விஷயம் தெரியாது என்பதும் தெரியும். ஸ்பிட்ஃபயர் விமானிகள் தரையிறங்கியதும் ஃப்ளாப்பை ஏற்றிவிடுவார்கள். நிறுத்தி வைத்த ஸ்பிட்ஃபயரில் அது தொங்குவது பராமரிப்பு நடந்தால் ஒழியச் சரியில்லை. பி-51 மஸ்டாங் நேரெதிர். எஞ்சினை நிறுத்திய பின் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கி, ஃப்ளாப்பும் உள்பக்கச் சக்கரக் கதவுகளும் கீழே தொங்குவது சகஜம். எந்த விமானமானாலும் ஒன்று மட்டும்: ஒரு பக்க ஐலரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கை நுனிப்பக்கம் இருக்கும் பலகை) மேலே என்றால் மறுபக்கம் கீழே. இரண்டையும் கீழே ஒட்டிய மாடல்கள் போட்டி மேசை வரை வந்துவிடுகின்றன.

கேள்வி: கேனோபி ஒட்டிய மறுநாள் உள்ளே பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது.

சூப்பர் க்ளூவின் ஆவி. அடுத்த முறை வெள்ளைப் பசை.

கேள்வி: ப்ரொப்பெல்லர் சுற்றுவது போல எடுக்க வேண்டும்.

ப்ரொப்பெல்லரை ஒட்டாமல் சுழலும்படி விடுங்கள். சக்கரங்களில் ஊசி செருகி விமானத்தைத் தரையோடு பிணைத்துவிட்டு, ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து, படத்தில் விழாத கோணத்தில் முன்பக்கத்திலிருந்து ஊதுங்கள். ஷட்டரை 1/30 நொடியில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஆனால் ப்ரொப்பெல்லர் சுற்றினால் காக்பிட்டில் ஆள் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும், அதன் பின்னாலிருக்கும் புல் காற்றடிக்கும் திசையில் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், மெக்கானிக் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்து ஸ்பானர் போடுகிற ஆளை வைக்காதீர்கள்.

கேள்வி: பின்னணிக்கு வானத்தின் படத்தை பிரிண்ட் எடுத்து வைத்தேன். ஒட்டவே இல்லை.

தொடுவானத்தின் உயரத்தைப் பாருங்கள். சமதரையில் தொடுவானம் எப்போதும் லென்ஸின் மட்டத்தில்தான் தெரியும். லென்ஸ் 33 மில்லிமீட்டரில் என்றால் பிரிண்டில் உள்ள தொடுவானக் கோடும் மேசையிலிருந்து 33-இல் நிற்க வேண்டும். மேகத்தின் வெளிச்சம் விழும் பக்கமும் உங்கள் விளக்கின் பக்கமும் ஒன்றாக இருக்கட்டும், பிரிண்ட்டில் டயோரமாவின் நிழல் விழாத அளவுக்கு அதைத் தள்ளி வையுங்கள்.

எனக்குக் கேட்டால் பிரிண்டே வேண்டாம். ஒரு சின்ன மேசையோடு திறந்தவெளிக்குப் போங்கள். பேஸின் பின்விளிம்பு தூரத்து நிலத்தோடு சேர்வது போல லென்ஸைத் தாழ்த்தினால் நிஜ மரங்கள், நிஜ வானம், அரை டிகிரி சூரியன் எல்லாம் இலவசம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது எடுங்கள், தகடுகள் சேரும் பேனல் கோடுகள் அப்போதுதான் எழுந்து நிற்கும். காற்று இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஸ்டாக்கிங்குக்கு எடுக்கும் படங்களுக்கு நடுவே மரக்கிளைகள் ஆடினால் எந்த மென்பொருளும் சேர்த்துத் தராது.