நாலணாப் பாரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 47. கோவையில் சிறுதொழில் செய்கிறேன். இரண்டு வருடமாக மறுபடியும் இசைத்தட்டு கேட்க ஆரம்பித்திருக்கிறேன். முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். பிறகு ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் என்று செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. 140 தட்டுகள் சேர்ந்திருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ கேட்பேன். செல்போனில் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்காத நான் இதில் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நண்பர்கள் பணக்காரப் பொழுதுபோக்கு என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகன், 'எல்லாம் மனப்பிரமைப்பா' என்று சிரிக்கிறான். அம்மாவுக்கு 74 வயது. அவ்வப்போது ஒரு பாட்டைப் போடச் சொல்வார். அந்தத் தட்டு கீறல் விழுந்தது, முள் தேய்ந்துவிடும் என்பதால் யூடியூபில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

டிஜிட்டலைவிடத் தட்டின் அனலாக் ஒலி உண்மையிலேயே உயர்ந்ததா? நான் பழைய காலத்துக்குள் ஒளிந்துகொள்கிறேனா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஒரு எல்பி தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "கீறல் எல்லாம் இல்ல சார், தைரியமா எடுங்க" என்றார். நான் கீறலைத் தேடவில்லை. எந்தப் பாட்டு அதிகம் ஓடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வளையமாகத் தெரியும். பல நூறு தடவை ஓடிய பாட்டு இருக்கும் பட்டை மட்டும் கருப்பு மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அந்தத் தட்டில் மூன்றாவது பாட்டு சாம்பல். மற்றதெல்லாம் புதுக்கருக்கு. வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் உங்கள் கடிதம்.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் சொல்வது பாதி சரி. இன்று புதிதாக வரும் தட்டுகளில் பல, டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டப்படுபவைதான். முழு அனலாக் என்று பேர்வாங்கிய ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளிலும் நடுவில் டிஜிட்டல் நுழைந்திருந்தது 2022-ல் வெளியே வந்தது. அதுவரை அவற்றைக் கேட்டுக் கண்ணீர் விட்ட மகாரசிகர்கள் ஒருவர் காதும் கண்டுபிடிக்கவில்லை. தட்டில் கேட்பது 'இதமான ஒலி' என்பார்களே, அது பெரும்பாலும் தட்டு படும் பாடு. தாழ்ந்த சுருதியில் வரும் கனத்த ஒலியை உள்ளபடி வெட்டினால், தட்டில் முள் ஓடும் பள்ளம் அகலமாக ஆடிப் பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். அதனால் அதைக் குறைத்து வெட்டிவிட்டு, கேட்கும்போது ஆம்ப்ளிபயரில் கூட்டிக்கொள்கிறார்கள். இதற்கென்று 1954-லேயே ஓர் அளவு நிர்ணயித்துவிட்டார்கள். அதோடு, தட்டின் ஓரத்தில் முள்ளுக்கடியில் நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது, நடுவுக்கு வரும்போது அது இருபது சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கடைசிப் பாட்டு பாவம், இடநெருக்கடியில் பாடுகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் எனக்கு ரெக்கார்டுதான் பிடிக்கிறது. பிடிப்பதற்கு உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஒளிந்துகொள்கிறீர்களா என்றால், ஒளிந்துகொள்ளுங்கள். நாற்பத்தேழு வயதில் தொழில் நடத்துகிறவருக்கு ஒளிய ஓர் இடம் வேண்டும்தான். பணக்காரப் பொழுதுபோக்கு என்பதும் உண்மை. விட்டுத்தள்ளுங்கள்.

ஆனால் போகிற போக்கில் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒரு கணக்குப் போடலாம். நல்ல வைர முள் குறைந்தது ஐந்நூறு மணி நேரம் உழைக்கும். அம்மா கேட்கும் பாட்டு மூன்றரை நிமிடம் இருக்குமா? எட்டாயிரத்து ஐந்நூறு தடவைக்கு மேல் வருகிறது. தினம் ஒருதரம் போட்டாலும் இருபத்து மூன்று வருடம். அப்போது அம்மாவுக்கு 97 வயது. கீறல் தட்டு, அழுக்குத் தட்டு என்று பாதியாகக் குறைத்தாலும் பதினொரு வருடத்துக்குக் கவலையில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுத வந்தேன். வேண்டாம், கொஞ்சம் கோபித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சத்துக்குச் சாமான் வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டவர், பெற்றவளுக்கு மூன்றரை நிமிட முள்தேய்மானம் பார்க்கிறார்.

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடிச் சாய்வு நாற்காலியில் ரெக்கார்டு கேட்பது நம் பழக்கமே அல்ல. மயிலாப்பூரில் நாலு வீடு, ஜமீன் பங்களா, செட்டிநாட்டில் சில வீடு என்று இருந்திருக்கும். மிச்ச தமிழ்நாடு ரெக்கார்டை அப்படிக் கேட்கவில்லை. அது நம் காதில் விழுந்தது. வயலில் களை எடுத்தவர்கள், குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தவர்கள், பஸ்சுக்கு நின்றவர்கள், காய்ச்சலில் படுத்தவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. பெட்டியும் தட்டும் ஒருவரிடம் இருக்கும், பாட்டு ஊருக்குச் சொந்தம்.

எங்கள் ஊர்ப்பக்கம், திருமங்கலத்தை ஒட்டி, அந்த ஒருவர் என் தாய்மாமன். மைக்செட் வைத்திருந்தார். இரண்டு கூம்புக் குழாய், ஒரு ஆம்ப்ளிபயர், பேட்டரி, சீரியல் செட், ரெக்கார்டு அடுக்கிய தகரப்பெட்டி. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பொங்கல், எழவு எதுவானாலும் மாமா வந்து வேப்பமரத்தில் குழாய் கட்டினால்தான் வீடு விசேஷ வீடாகும். விடிகாலை நாலரைக்கு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. சாப்பாட்டுப் பந்தி ஓடும்போது துள்ளல் பாட்டு. சாயங்காலம் ஆண்கள் தண்ணி போட்டுவிட்டு வரும் நேரத்தில் டி.எம்.எஸ்ஸின் தத்துவம். எழவு வீட்டிலும் அதே தத்துவம்தான், ஆனால் சத்தத்தைப் பாதியாக வைப்பார். இந்த வரிசையை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு குழாய் கிழக்கே பார்த்து வேம்பில், இன்னொன்று தண்ணீர்த்தொட்டி மேல். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தானே போகும். அதனால் எங்கள் தெருவில் நின்றால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை கேட்கும். முதலில் வேம்பு பாடும், பிறகு தொட்டி பாடும். வெகுநாள் வரை சினிமாப் பாட்டு என்றாலே அப்படித்தான், யாரோ ஒருவர் பின்னால் நின்று திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு வீட்டில் ரெக்கார்டு பிளேயரைப் பக்கத்தில் இருந்து முதல்முறை கேட்டபோது, ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

மாமாவின் பிளேயரில் முள் அடிக்கடி குதிக்கும். மேஜைக்குப் பக்கத்தில் இளவட்டங்கள் ஆடுவார்கள், ரோட்டில் பஸ் போகும், முள் துள்ளி ஒரே வரியில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மாமா ஒரு வைத்தியம் வைத்திருந்தார். முள் பொருத்திய தலைக்கு மேலே ஒரு நாலணாக் காசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுவார். உங்கள் டர்ன்டேபிளில் முள்ளின் மொத்தப் பாரமே இரண்டு கிராமுக்குள் இருக்கும், தராசு வைத்துச் சரிபார்த்திருப்பீர்கள். அந்த நாலணா மட்டும் இரண்டரை கிராம். இப்போது நினைத்தால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும். எனக்கும் வலித்தது. சின்னப்பையனாக இருந்தபோதே ஒருதரம், "ரெக்கார்டு தேஞ்சிறாதா மாமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"தேயத்தான மாப்ள வாங்குனது" என்றார்.

தொழில் எண்பதுகளின் நடுவில் கேசட் வந்ததும் படுத்துவிட்டது. மாமா இறந்தபிறகு தகரப்பெட்டி என்னிடம் வந்தது. ஐம்பது அறுபது தட்டுகள் இருக்கும். வெயிலில் கிடந்த சில, அப்பளமாக நெளிந்திருந்தன. அடியில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் இரண்டு உடைந்து கிடந்தன. அது வினைலுக்கு முந்தைய அரக்குத்தட்டு. உலகம் பூராவும் சுழன்ற அந்தத் தட்டுகளுக்கு அரக்கில் பெரும்பங்கு ஜார்க்கண்ட் பக்கத்து சோட்டா நாக்பூர் காட்டுமரங்களில் ஒட்டும் பூச்சியிடமிருந்து போனது என்று பிற்பாடு படித்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எந்தப் பாட்டு சாம்பலாகியிருக்கும் என்று எனக்குள் ஒரு பந்தயம். காதல் பாட்டாக இருக்கும், எம்.ஜி.ஆர். பாட்டாக இருக்கும் என்று.

எதுவும் இல்லை. ஒரு பட்டை மிச்சமில்லாமல் இரண்டு பக்கமும் முழுக்கச் சாம்பலாகியிருந்தது ஒரே தட்டுதான். பாட்டுத்தட்டே அல்ல, 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு. 1965-ல் வந்த படம். அந்த வசனத்தை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். சிவாஜி பேசுவதற்கு முன்பே குழாயடியில் பேசிவிடுவார்கள். தருமி புலம்பும் இடம் வந்தால் களையெடுப்பு நிற்கும் என்று அத்தை சொல்வார். மாமா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கோபம் வந்தால் மட்டும் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும். மைக்செட் வாடகை தராமல் இழுத்தடித்த ஒரு வீட்டு வாசலில் நின்று, "பணம் தர இயலாதெனில் அதை அன்றே இச்சபையில் உரைத்திருக்க வேண்டும்!" என்று அவர் முழங்கியதை நான் பார்த்திருக்கிறேன். சபை என்றது இரண்டு ஆடும் ஒரு திண்ணையும். பணம் வந்துவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டுக் குழாயை மகிமைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்து, சொந்த மாமாவையே சபித்தவள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னதும், கூம்புக் குழாய்க்குத் தடை வந்ததும் நியாயம்தான். காதில் விழுவதில் கேட்க விரும்பாதவர் காதும் சேர்த்தி. ஆனால் அதற்கு மறுகோடி உங்கள் சாத்திய கதவாக இருக்க வேண்டியதில்லையே. கூடம் என்று ஒன்று வீட்டில் இருக்கிறதா இல்லையா?

கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறேன், தெரிகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வசனத் தட்டை என் பிளேயரில் போட்டுப் பார்த்தேன். முதலில் மழை. நல்ல ஐப்பசி மழை மாதிரி ஓயாத இரைச்சல். அதற்குப் பின்னால் எங்கோ சிவாஜி பேசுகிறார், ஓடையின் அக்கரையிலிருந்து பேசுகிற மாதிரி. பளிச்சென்று துல்லியமாக இதே வசனம் என் செல்போனிலும் இருக்கிறது, வேண்டுமானால் உங்களுக்கு இப்போதே அனுப்புவேன். அதில் படம் இருக்கிறது. மழையில் எங்கள் ஊர் இருக்கிறது. நாலணாப் பாரம் ஏற்றி எத்தனை காதுகுத்துக்கும் எத்தனை பொங்கலுக்கும் ஓடியதோ அத்தனையும் அந்தப் பள்ளத்தில் தேய்மானமாக ஏறியிருக்கிறது. நீளமாக எடுத்து விரித்தால் ஒரு பக்கத்துக்கு நானூறு மீட்டருக்கு மேல் வரும் ஒற்றைப் பள்ளம், எங்கள் தெருவைவிட நீளம்.

உங்கள் 140 தட்டுகளும் உறைக்குள் உறை போட்டுப் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஏற்கெனவே சாம்பல் பூத்த பட்டை இருந்தால் அது உங்களுக்கு முன்னால் இருந்தவர் வேலை. அடுத்ததை அம்மா செய்யட்டும். டர்ன்டேபிளைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டம் தாங்காது, சமையலறை மிக்ஸி அதிரும் என்றால் சுவரில் ஒரு பலகை அடித்து வையுங்கள். முள்ளை அம்மாவே வைக்கட்டும், கை நடுங்கினால் உங்கள் கை கூட இருக்கட்டும்.

அம்மா கேட்பது என்ன பாட்டு என்று கடிதத்தில் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

பி.கு.: மகனுக்கு ஆசை வந்து தனியாக ஒன்று கேட்டால், சூட்கேஸ் மாதிரி மடக்கி எடுத்துப்போகும் மலிவுப் பிளேயரை வாங்கித் தராதீர்கள். அதில் பலவற்றின் முள் ஐந்து கிராமுக்குக் குறையாமல் அழுத்தும். என் மாமாவே அதைப் பார்த்தால் காசை எடுத்துவிடச் சொல்வார்.