வளர்ந்த மரத்தை முற்றத்தில் நடுவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: முற்றத்தில் சீக்கிரம் நிழல் வேண்டும். கன்று வைத்துக் காத்திருப்பதைவிட, பதினைந்தடி வளர்ந்த மரத்தையே கொண்டுவந்து நடலாமா?

பதில்: நடலாம். ஆனால் நட்ட மறுநாளே கிளை ஓடத் தொடங்கும் என்று எண்ண வேண்டாம். நிலத்தில் நிற்கும் மரத்தைத் தோண்டும்போது வேரில் பெரும்பகுதி அறுந்து பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. தாய்மண்ணோடு, அதாவது வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண்கட்டியோடு, வரும் கொஞ்ச வேர்தான் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும். அறுந்த வேர் மறுபடி பரவும்வரை மேலே வளர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும். குளிர்ப் பகுதிகளில் அடிமரக் குறுக்களவு 2.5 செ.மீ.க்கு ஓராண்டு என்று கணக்கு வைப்பார்கள். வெயில் பகுதிகளில் வேர் வேகமாக ஓடும். அதே 2.5 செ.மீ.க்கு மூன்று நான்கு மாதம் போதும். (அடிமரத்தைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் அளக்க வேண்டும், 10 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் 30 செ.மீ. உயரத்தில்.) பெரிய மரம் தேறிவருவதற்குள் பக்கத்தில் வைத்த சின்னக் கன்று அதை எட்டிப் பிடிப்பதும் உண்டு. தினமும் தண்ணீர் பார்க்க ஆளும் நேரமும் இருந்தால் பெரிய மரம் வாங்குங்கள். இல்லையென்றால் 4, 5 செ.மீ. குறுக்களவே நல்லது.

கேள்வி: நர்சரியில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: இலையின் பளபளப்பில் மயங்காமல் அடியைப் பாருங்கள். தாய்மண்ணின் அகலம் அடிமரக் குறுக்களவைப்போல் பத்து, பன்னிரண்டு மடங்கு இருக்க வேண்டும். 10 செ.மீ. மரத்துக்கு மண்கட்டி ஒரு மீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். அடிமரத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். கட்டி அசையாமல் மரம் மட்டும் ஆடினால் உள்ளே வேர் விட்டுப்போயிருக்கிறது. தொட்டியில் வளர்ந்த மரமானால் வேர் சுவரோரம் வட்டம் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய வேரைக் கத்தியால் கீறி விரித்துவிடலாம். விரல் தடிமனுக்கு முறுக்கிக்கொண்ட வேர் பிற்காலத்தில் அடிமரத்தையே நெரிக்கும்.

ஒரு மீட்டர் மண்கட்டி அரை டன்னைத் தாண்டும். கிரேன் உள்ளே வர வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். தூக்கும் நாடாவைக் கட்டிக்கு அடியில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அடிமரத்தில் கட்டித் தூக்கினால் மரப்பட்டை உரியும், கட்டியும் உடையும்.

கேள்வி: குழியை ஆழமாகத் தோண்டினால் மரம் உறுதியாக நிற்கும் என்கிறார்கள். எவ்வளவு ஆழம் வேண்டும்?

பதில்: இந்த எண்ணத்தால் செத்த மரங்கள் ஏராளம். தண்ணீர் உறிஞ்சும் வேரில் பெரும்பகுதி அரை மீட்டருக்குள் மேல்மண்ணில்தான் இருக்கிறது. அதற்குக் காற்று வேண்டும்.

முதலில் வேர்க்கழுத்தைக் கண்டுபிடியுங்கள். அடிமரம் வேராகப் பிரியும் இடத்தில் சற்று அகன்று விரிந்திருக்கும். நட்டுவைத்த கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் கழுத்து புதைந்திருக்கிறது என்று பொருள். முதல் தடித்த பக்கவேர் தட்டுப்படும்வரை மேல்மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, அங்கிருந்து கட்டியின் அடிவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவில் 3 முதல் 5 செ.மீ. குறைத்துக் குழியின் ஆழம். அகலம் மட்டும் கட்டியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. குழியின் அடித்தரையைக் கொத்திப் பொலபொலப்பாக்க வேண்டாம். தண்ணீர் பட்டதும் மண் அமுங்கி மரம் கீழே இறங்கிவிடும். களிமண் நிலத்தில் மண்வெட்டி பட்ட பக்கச்சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். அதைக் கடப்பாரையால் கீறிவிடுங்கள். இல்லையென்றால் தொட்டிக்குள் சுற்றுவதுபோல வேர் குழிக்குள்ளேயே சுற்றும்.

மரத்தைக் குழியில் நிமிர்த்தி நிறுத்திய பிறகுதான் மண்கட்டியைச் சுற்றியிருக்கும் சாக்குக் கட்டை அவிழ்க்க வேண்டும். மேல்பாதிச் சாக்கையும் கம்பிக் கூடையின் மேல் வளையங்களையும் வெட்டி எடுங்கள். நைலான் கயிறு மக்காது; அடிமரத்தைச் சுற்றி ஒரு சுற்றுகூட மிஞ்சக் கூடாது. தோண்டிய அதே மண்ணைப் பாதிவரை போட்டு, தண்ணீர் விட்டுப் படியவைத்து, மீதியைப் போடுங்கள். கட்டியின் மேல் மண் ஏறக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. 30 செ.மீ. ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். அல்லது கட்டியில் மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மேல் நிற்கும்படி வைத்து, சுற்றிலும் மண்ணைச் சரிவாக அணையுங்கள்.

கேள்வி: நட்டு ஒரு மாதமாகிறது. தினமும் ஹோஸ் பிடிக்கிறோம், மண் ஈரமாகவே இருக்கிறது. ஆனாலும் இலை ஓரம் கருகி உதிர்கிறது. ஏன்?

பதில்: எந்த மண் ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள். அடிமரத்துக்கு ஒரு சாண் தள்ளி, தாய்மண்ணுக்குள் ஒரு மெல்லிய குச்சியை 15 செ.மீ. இறக்கி எடுங்கள். பிறகு கட்டிக்கு வெளியே இன்னொரு குச்சி. வெளிக்குச்சியில் ஈரமண் ஒட்டி, உள்குச்சி வறண்டு வந்தால் மரம் தாகத்தில் இருக்கிறது. இப்போதைக்கு வேர் முழுதும் கட்டிக்குள்தான் இருக்கிறது. சுற்றிலும் சேறாக இருந்தாலும் அதற்கு எட்டாது. ஆகவே கட்டியின் விளிம்பை ஒட்டி 10 செ.மீ. உயரத்துக்கு வரப்புக் கட்டி, அதற்குள் தண்ணீரை மெதுவாக இறங்கவிடுங்கள்.

இரண்டு குச்சியும் பிசுபிசுப்பாக, புளித்த வாடையோடு வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. அப்போதும் இலை இப்படித்தான் வாடும். தண்ணீரை நிறுத்தி மண்ணை உலரவிடுங்கள்.

அளவு: ஒவ்வொரு முறையும் குறுக்களவு 1 செ.மீ.க்கு 3 முதல் 5 லிட்டர், 10 செ.மீ. மரத்துக்கு 30 முதல் 50 லிட்டர். முதல் இரண்டு வாரம் தினமும், மூன்று மாதம் முடியும்வரை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, பிறகு வேர் பிடிக்கும்வரை வாரம் ஒருமுறை. நல்ல மழை பெய்தால் குச்சி சொல்வதைக் கேளுங்கள். வேர் குறைந்துவிட்டதே என்று கிளையைக் கவாத்து செய்யாதீர்கள். புது வேருக்கு உணவு இலையிலிருந்துதான் போகிறது. ஒடிந்ததையும் காய்ந்ததையும் மட்டும் எடுங்கள்.

கேள்வி: என்ன உரம் போடலாம்?

பதில்: முதல் ஆண்டு எதுவும் வேண்டாம். மூடாக்கு போடுங்கள்: காய்ந்த இலை அல்லது மரச்சீவல், 5 முதல் 8 செ.மீ. கனம். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். பட்டையை ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கி அழுகும்.

கேள்வி: காற்று மழையில் மரம் சாய்ந்துவிட்டது. கயிறு கட்டி இழுக்கலாமா?

பதில்: அடிமரத்தை இழுத்தால் புது வேர் அறும். எந்தப் பக்கம் கட்டி தூக்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் அடிமண்ணைத் தளர்த்தி, கட்டியோடு சேர்த்து நிமிர்த்தி, மண்ணை நிரப்பித் தண்ணீர் விடுங்கள். பிறகு கட்டிக்கு வெளியே மூன்று கம்பு அடித்து, பழைய சைக்கிள் டியூப்போல அகலமான பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். மரம் கொஞ்சம் ஆடினால்தான் அடி தடிக்கும். மாதம் ஒருமுறை கட்டைத் தொட்டுப் பாருங்கள். மரப்பட்டையில் தடம் விழத் தொடங்கியிருந்தால் தளர்த்துங்கள். ஓராண்டில் கம்பைப் பிடுங்கிவிடலாம்.