கேப் போட்ட பற்களில் பிரிட்ஜை இணைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. கீழ் வரிசையில் வலது பக்க முதல் கடைவாய்ப் பல் வேர் விரிசல் விட்டதால் மூன்று மாதத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் உள்ள பல்லுக்கு ஒன்பது வருடத்துக்கு முன் ரூட் கெனால் செய்து, உலோகத்தின் மேல் பீங்கான் வைத்த கேப் போட்டிருக்கிறது. முன்னால் உள்ள பல்லுக்கும் நாலு வருடத்துக்கு முன் கேப் போட்டேன். அதற்கு ரூட் கெனால் செய்யவில்லை. இப்போது பிரிட்ஜ் கட்டலாம், ஆனால் இரண்டு கேப்பையும் வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார் பல் டாக்டர். இரண்டும் ஆடாமல் நன்றாகத்தானே இருக்கின்றன? நடுவில் ஒரு பல்லைச் செய்து அந்தக் கேப்களிலேயே ஒட்டவைக்கக் கூடாதா? சர்க்கரை இருக்கிறது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.8.

பதில்: ஒட்டவைக்க முடியாது, பிரிட்ஜ் என்றால் உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஆனால் வெட்டத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் அந்த இரண்டு கேப்களின் விளிம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில், ஏன் ஒட்டாது? பிரிட்ஜ் என்பது மூன்று தனிப் பற்களைச் சேர்த்து ஒட்டியது அல்ல. இரண்டு பக்கக் கேப்பும் நடுவில் தொங்கும் பல்லும் ஒரே துண்டாக வார்க்கப்படுகின்றன, அல்லது ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கானின் ஒரே கட்டியிலிருந்து கடையப்படுகின்றன. நடுப்பல்லும் பக்கத்துக் கேப்பும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் மெல்லும் விசை முழுவதும் வந்து விழும். கடைவாயில் மூன்று பல் ஜிர்கோனியா பிரிட்ஜ் என்றால் அந்தக் கழுத்தின் குறுக்குவெட்டு குறைந்தது 9 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதாவது 3 மி.மீ. உயரம், 3 மி.மீ. அகலம். ஏற்கெனவே மெருகேற்றி வாயில் ஒட்டிய பீங்கான் பக்கச்சுவரில் எந்தப் பசையாலும் அப்படி ஒரு இணைப்பை உண்டாக்க முடியாது. பலருக்குக் கடைவாயில் அழுத்திக் கடிக்கும்போது 40, 50 கிலோ எடைக்குச் சமமான விசை வரும். முறுக்கு ஒன்றைக் கடித்தாலே ஒட்டு விட்டுப்போகும்.

“அப்படியானால் கேப்களைக் கழற்றி, லேபில் நடுப்பல்லோடு சேர்த்துத் தரட்டுமே” என்று அடுத்துத் தோன்றும். இங்கே இரண்டு தடைகள். ஒன்று, ஒன்பது வருடம் சிமென்டில் இறுகிய கேப்பைத் தட்டிக் கழற்றப் பார்த்தால் கேப் வருவதற்குப் பதில் பல்லே உடைந்து வரலாம். அதுவும் ரூட் கெனால் செய்த பல். அதனால்தான் அறுத்து எடுக்கிறார்கள். இரண்டாவது தடை இன்னும் அடிப்படையானது: இறங்கும் திசை. உங்கள் இரண்டு பற்களும் ஐந்து வருட இடைவெளியில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் செதுக்கப்பட்டவை. ஒவ்வொரு கேப்பும் தன் பல்லின் மேல் தன் திசையில் இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பிணைத்தால் ஒன்று உட்காரும்போது மற்றது விளிம்பில் தூக்கிக்கொண்டு நிற்கும். பிரிட்ஜுக்கு இரண்டு பல்லின் சுவர்களும் ஒரே திசைக்கு இசைவாகச் செதுக்கப்பட வேண்டும். அதற்குக் கேப்பை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் பல்லைத் திருத்தியாக வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பக்கத்துப் பல் பின்னால் போகக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்து, கேப்பின் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளத்தோடு செய்திருந்தால், நடுப்பல்லின் நீட்சியை அதில் உட்காரவைக்கலாம். உங்கள் கேப்கள் அப்படிச் செய்யப்பட்டவையாக இருக்க வாய்ப்பில்லை. கழற்றி மாட்டும் பல் என்றால் கேப்பை வெட்ட வேண்டியதில்லை, அதன் கொக்கி கேப்பையே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரே ஒரு பல்லுக்காக அதைத் தினமும் போட்டுக் கழற்றப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை.

இப்போது வெட்டத்தான் வேண்டுமா என்பதைப் பார்ப்போம். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கேப் போட்டவை என்றால் பிரிட்ஜே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்ல பல்லைச் செதுக்க வேண்டாமே என்பது காரணம். நியாயம்தான், ஆனால் அந்தக் கேப்கள் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால்தான் அந்த நியாயம் முழுமையாகப் பொருந்தும். பின்பல்லின் கேப்புக்கு ஒன்பது வயது. ஈறு இறங்கி விளிம்பில் கருப்புக் கோடு தெரிகிறதா, கூர்முனைக் கருவியை ஓட்டினால் விளிம்பில் சிக்குகிறதா, எக்ஸ்ரேயில் கேப்பின் கீழ் சொத்தையின் நிழல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கேப் போக வேண்டியதுதான், அப்போது பிரிட்ஜ் பொருத்தமான தேர்வு. இரண்டு கேப்பும் விளிம்பில் சுத்தமாக இருந்தால் நான் இம்ப்ளான்ட் பக்கம்தான் சாய்வேன். எடுத்த பல்லின் இடத்தில் எலும்பு போதுமான அளவு இருந்தால், இரண்டு கேப்பையும் தொடாமல் நடுவில் ஒரு திருகு வைத்துத் தனிப்பல்லாகக் கட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: இம்ப்ளான்ட்டையும் இயற்கைப் பல்லையும் சேர்த்து ஒரே பிரிட்ஜாகக் கட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். பல்லுக்கு வேரைச் சுற்றிய நாரால் மெல்லிய அசைவு உண்டு, எலும்போடு இறுகிய திருகுக்கு அது கிடையாது. நாளடைவில் பல் கீழே அமுங்கும், அல்லது அந்தப் பக்கத்து சிமென்ட் விட்டுப்போகும்.

சர்க்கரை இரண்டு வழிக்கும் தடையல்ல. ஆனால் 7.8 கொஞ்சம் கூடுதல். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் பேசி 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டுத் தொடங்கினால் ஈறும் எலும்பும் ஒழுங்காக ஆறும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டால், இம்ப்ளான்ட் பேச்சு வரும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

பிரிட்ஜ்தான் என்று முடிவானால், அதன் தலைவிதி பின்பல்லின் கையில் இருக்கிறது. கேப்பை வெட்டும் முன் அந்தப் பல்லுக்கு வேர்நுனி வரை தெரியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வேருக்குள் அடைத்த பொருள் நுனிக்கு 2 மி.மீ.க்குள் வந்திருக்கிறதா, வேர்நுனியில் கருநிழல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிழல் இருந்தால் ரூட் கெனாலை மறுபடி செய்துவிட்டுத்தான் பிரிட்ஜ். கட்டிய பிறகு பிரிட்ஜில் துளை போட்டு உள்ளே போவதும் முடியும்தான், ஆனால் புதிய வீட்டின் சுவரை இடித்துக் குழாய் மாற்றுவதைப் போல அது.

வெட்டும் முன் செய்ய வேண்டிய இன்னொன்றும் உண்டு. பழைய கேப்கள் வாயில் இருக்கும்போதே ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், தற்காலிகப் பிரிட்ஜைச் செய்ய அதுவே அச்சு. கேப்பின் கன்னப் பக்கத்தில் தொடங்கி, மெல்லும் பரப்பைக் கடந்து நாக்குப் பக்கம் வரை ஒரு பள்ளம் அறுத்து, அதில் தட்டையான கருவியைச் செருகித் திருகினால் கேப் இரண்டாகப் பிளக்கும். உலோகப் பீங்கானுக்குச் சில நிமிடங்கள் போதும். ஜிர்கோனியா என்றால் வைர முனைகள் தேயத்தேய நேரம் ஆகும், சூடு ஏறாமல் தண்ணீர் தொடர்ந்து அடிக்க வேண்டும். முன்னால் உள்ள தாங்கு பல் ரூட் கெனால் செய்யாத, உயிருள்ள பல் என்பதால் மரத்துப்போகும் ஊசி கட்டாயம்.

கேப் போன பிறகு தெரியும் காட்சிதான் முடிவைச் சொல்லும். பழைய சிமென்டையும் சொத்தையையும் சுத்தமாக எடுத்த பிறகு, ஈறுக்கு மேல் பல்லைச் சுற்றிலும் கிட்டத்தட்ட 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் மிஞ்ச வேண்டும். சிமென்டாலோ நிரப்பும் பொருளாலோ கட்டிய மேடு இந்தக் கணக்கில் வராது. பீப்பாயின் இரும்பு வளையம் போலக் கேப்பின் விளிம்பு அந்த 2 மி.மீ. பல்லைச் சுற்றிப் பிடித்தால்தான் வேர் பிளக்காமல் தாங்கும். இல்லை, ஒரு பக்கம் ஈறுக்குக் கீழேயே சொத்தை போய்விட்டது என்றால், அந்தப் பல்லின் மேல் பிரிட்ஜ் கட்டக் கூடாது. தற்காலிகக் கேப் போட்டுவிட்டு இம்ப்ளான்ட் பற்றிப் பேசும் நேரம் அது. எனவே முதல் நாளே மூன்று யூனிட்டுக்கும் (இரண்டு கேப், ஒரு நடுப்பல்) முழுப்பணம் கட்டி முடிவை இறுக்கிக்கொள்ள வேண்டாம். கேப்பை வெட்டி உள்ளே பார்த்த பிறகு லேபுக்கு ஆர்டர் போகட்டும். மூன்று யூனிட் என்றால் மூன்று கேப்பின் விலை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஜிர்கோனியாவுக்குத் தரும் உத்தரவாத அட்டை பொதுவாகப் பொருள் உடைந்தால் மாற்றித் தருவதற்குத்தான், உள்ளே பல் கெட்டுப்போனால் அது செல்லாது.

“வலுவுக்காக அதற்கு முந்திய பல்லையும் சேர்த்து நாலாகக் கட்டலாம்” என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பல்லின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்பது ஆன்டே என்பவர் 1926-இல் சொன்ன பழைய விதி. கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்குச் சராசரியாக 431 சதுர மி.மீ.; உங்கள் இரண்டு தாங்கு பற்களும் சேர்ந்து 633 வரும். எலும்பு இறங்காமல் இருந்தால் இதுவே தாராளம். நல்ல பல்லைத் தேவையில்லாமல் செதுக்கினால் சுத்தம் செய்ய முடியாத இடுக்குதான் ஒன்று கூடும்.

பல் எடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டதால் ஈறு ஆறி உருவம் பிடித்திருக்கும், இனிப் பிரிட்ஜுக்கு அளவு எடுக்கலாம். ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். பின்பல் இடைவெளிக்குள் சாய ஆரம்பிக்கும், மேல்பல் கீழே இறங்கும். ஈறு ரத்தம் கசிகிறது என்றால் முதலில் பல் சுத்தம் செய்து, இரண்டு வாரம் போல விட்டு, பிறகு அளவு எடுக்க வேண்டும். ரத்தம் கசியும் இடத்தில் விளிம்பு தெளிவாகப் பதியாது, பதியாத விளிம்பில் லேப் ஊகித்துத்தான் கேப் செய்யும். பிரிட்ஜ் ஓரிரு வருடத்திலேயே சொத்தையாகித் திரும்ப வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லேபிலிருந்து வந்ததும் ஒட்டிவிடாமல் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு சோதனை: முன்பக்கக் கேப்பை விரலால் அழுத்தினால் பின்பக்கம் தூக்குகிறதா? நூலளவு ஆடினாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். சிமென்டைக் கூடுதலாகப் போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. கடிக்கும்போது அந்தப் பக்கம் முதலில் முட்டுகிறது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். ஊசி மரப்பு இருக்கும்போது இது தெரியாது, எனவே மரப்பு இல்லாமல் கடித்துப் பார்க்கக் கேளுங்கள். நடுப்பல் ஈறை லேசாகத் தொட வேண்டும், அழுத்தி ஈறு வெளுக்கக் கூடாது.

முன்னால் உள்ள தாங்கு பல் பற்றி ஒரு எச்சரிக்கை. உயிருள்ள பல்லை இரண்டாவது முறை செதுக்குகிறோம். பிரிட்ஜைத் தாங்கும் உயிருள்ள பற்களில் சுமார் 10 சதவீதம் 10 ஆண்டுகளில் உயிர் இழக்கின்றன. ஒட்டிய பிறகு சில வாரம் குளிர்ச்சி பட்டால் கூச்சம் இருப்பது சகஜம். சூடு பட்டால் வலி, இரவில் தானாக வலி என்றால் காத்திருக்காதீர்கள்.

மொத்தத்தில் வழக்கமான பிரிட்ஜ்களில் சுமார் 89 சதவீதம் 10 ஆண்டு கழித்தும் வாயில் இருக்கின்றன. போகிறவற்றில் பல சத்தமில்லாமல் போகின்றன. இரண்டு கேப்பில் ஒன்றில் மட்டும் சிமென்ட் விட்டுப்போகும், மற்றது பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜ் ஆடாது. விட்ட பக்கத்தில் எச்சில் உள்ளே போய்வந்து பல்லை அரித்துக்கொண்டிருக்கும். அது ரூட் கெனால் செய்த பல் என்றால் வலிக்கவும் வலிக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பல் டாக்டர் பிரிட்ஜின் அடியில் கருவியை மாட்டி மேலும் கீழுமாக அசைக்கும்போது, விளிம்பில் எச்சிலில் சிறு குமிழிகள் வரும். உங்களுக்கே அந்தப் பக்கம் உறிஞ்சினால் கெட்ட சுவையோ நாற்றமோ வந்தால் அதே வாரம் போய்க் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் பல் மிஞ்சும்.

நடுப்பல்லுக்கு அடியில் தூரிகை போகாது. முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் என்ற நூல் பெரிய மருந்துக்கடைகளில் கிடைக்கும். விறைப்பான முனையைக் கன்னப் பக்கத்திலிருந்து நடுப்பல்லின் அடியில் நுழைத்து, நாக்குப் பக்கம் இழுத்து, பஞ்சுப் பகுதியால் இரண்டு கேப்பின் உட்சுவரையும் தேய்த்து எடுங்கள். இரவில் ஒரு முறை போதும். சர்க்கரைக்காரர்களுக்கு எச்சில் குறைவது உண்டு, அப்படி இருந்தால் கேப்பின் விளிம்பில் வேர்ச்சொத்தை வேகமாக வரும். ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் துலக்கித் துப்பிய பிறகு வாயைத் தண்ணீர் விட்டு அலசாமல் விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, அந்தக் குமிழிச் சோதனையோடு சேர்த்து.