பாய்மரப் படகின் கம்பி மாற்ற எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: வயது 41, திருவொற்றியூரில் இருக்கிறேன். சம்பளம் கைக்கு 84,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை உட்பட குடும்பச் செலவு 52,000, எஸ்ஐபி 15,000. வங்கியில் 4.2 லட்சம் எஃப்டி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நானும் நண்பர் ஒருவரும் பாதிப் பாதி போட்டு, பழைய 22 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கினோம். சென்னைத் துறைமுகத்துக்குள் நிற்கிறது. போன வாரம் பாய்மரத்தைத் தாங்கும் கம்பி ஒன்றில் இழை அறுந்திருந்தது (படம் இணைத்துள்ளேன்). எல்லாக் கம்பிகளையும் மாற்ற 96,000, கயிறுகளுக்கு 68,000, ஆக 1,64,000 ஆகும் என்கிறார்கள். அறுந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் நண்பர். எஃப்டியை உடைக்கவா, தனிநபர் கடன் வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தக் கம்பியோடு இனி ஒரு தடவைகூடப் பாய் ஏற்றாதீர்கள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரும் பாய்மரத்தின் மேல் ஏறவும் கூடாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பி, குழல் போன்ற முனைக்குள் நுழையும் இடத்தில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு படிந்திருக்கிறது. அதற்கு மேலே ஓர் இழை மீன் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட், முன்னும் பின்னும் பிடிக்கும் ஸ்டே எல்லாம் பெரும்பாலும் 19 இழை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பிதான். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். காற்றுப் படும் வரைதான் அது சரி. குழலுக்குள் இறங்கிய உப்புத் தண்ணீர், நம் ஊர் வெயிலில் வற்றி உப்பை மட்டும் விட்டுப் போகும். காற்றுப் புகாத அந்த இடுக்கில் உள்ளிருந்தே அரிப்பு தொடங்கும். வெளியே ஓர் இழை அறுந்து தெரிகிறது என்றால், உள்ளே எத்தனை இழை அந்த நிலைமையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றக் கம்பிகளும் அதே வயது, அதே உப்பு, அதே வெயில். அதனால்தான் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு கம்பி போனால் பாய்மரமே சாயும். கீழே உட்கார்ந்திருப்பது நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்.

காப்பீடு இருக்கிறதே என்று தோன்றலாம். பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். நாள்பட்ட தேய்மானத்துக்கும் துருவுக்கும் பொதுவாக இழப்பீடு கிடையாது. குறை தெரிந்த பிறகும் ஓட்டினீர்கள் என்றால் உங்கள் பக்கம் இன்னும் பலவீனமாகும்.

சரி, பணத்துக்கு வருவோம். 1,64,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் இரண்டு வருடக் கடனாக வாங்கினால், வட்டி மட்டும் ஏறக்குறைய 25,000 வரும். அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம். எஃப்டியோ உங்கள் குடும்பத்தின் எட்டு மாதச் செலவு. வேலைக்கும் உடம்புக்கும் ஏதாவது ஆனால் எடுக்க வேண்டிய பணம் அது, படகுக்கானது இல்லை.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம், கடிதம் ஆகஸ்ட் கடைசியில் வந்திருக்கிறது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். வர்தா 2016 டிசம்பர் 12 அன்று வந்தது, மிக்ஜாமும் 2023 டிசம்பரில்தான் வந்தது. எப்படியும் அந்த மாதங்களில் பாய் விரிக்கப் போவதில்லை. இப்போதே, காற்றில்லாத ஒரு காலையில், தெரிந்தவர்களை வைத்துப் பாய்மரத்தை இறக்கிப் படுக்க வைத்துவிடுங்கள். இறக்கும்போது, பாயை ஏற்றும் கயிறுகளான ஹாலியார்டுகளைத் தற்காலிகத் தாங்கலாகக் கட்டிக்கொள்வார்கள். படகையும் கரையேற்ற முடிந்தால் இன்னும் நல்லது. பாய்மரம் கீழே வந்துவிட்டால் அவசரம் போய்விடும், அவசரம் போனால் கடனும் தேவையில்லை.

கம்பிச் செலவில் உங்கள் பங்கு 48,000. எஸ்ஐபி போக மாதம் 17,000 மிஞ்சுகிறது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அதில் 12,000 ஒதுக்கினால் நான்கே மாதத்தில் 48,000 கையில் இருக்கும். ஜனவரியில் எல்லாக் கம்பிகளையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். விலை குறைவு என்று பாரிமுனையில் கிடைக்கிற, பாரம் தூக்கும் இரும்புக் கம்பியை வாங்கிவிடாதீர்கள். உப்புக்குத் தாங்கும் 316 ரகம்தானா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கயிறுகளில் மிச்சம் பிடிக்கலாம். பாலியஸ்டர் கயிறு மேலே பஞ்சு மாதிரி ஆவது பெரிய குறை இல்லை. மேலுறை கிழிந்து உள்கயிறு தெரிந்தால்தான் உடனே மாற்ற வேண்டும். பாயை ஏற்றும் ஹாலியார்டு, நம் பழைய கடலோடிகள் ஆஞ்சான் என்பார்களே, அது கப்பியில் உரசும் ஒரே இடத்தில்தான் அதிகம் தேயும். நீளம் இடம் கொடுத்தால், தேய்ந்த இடத்தை வெட்டிவிட்டுத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி நிழலில் காயவையுங்கள். உள்கயிறு தெரிவதை மட்டும் ஜனவரியில் மாற்றுங்கள், மற்றவை அடுத்த வருடம்.

அப்புறம், இந்தச் செலவு திடீரென்று வந்ததில்லை. கம்பி பத்து வருடம், கயிறு ஐந்து வருடம் என்று வைத்தால், மாதம் 800 ரூபாய்க் கம்பியும் 1,130 ரூபாய்க் கயிறும் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. விலையும் ஏறும் என்பதால் ஆளுக்கு மாதம் 1,200 போட்டு, இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். நண்பர் பாதி தர மறுத்தால் அவர் பங்கையும் நீங்கள் சுமக்க வேண்டாம். படகை விற்பது பற்றி உட்கார்ந்து பேசுங்கள். வாங்குபவரிடம் கம்பியின் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பாய்மரத்தை இறக்கும் அன்று ஒவ்வொரு கம்பியிலும் அது இருந்த இடத்தை எழுதி ஒரு சீட்டைக் கட்டுங்கள். துருப்பிடித்தது என்று காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜனவரியில் புதுக் கம்பியை அவற்றோடு வைத்து அளந்துதான் வெட்டுவார்கள்.