வாசகர் கேள்வி: பத்து வரியா, பதினாறா?

கேள்வி: பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் ‘மாலையின் இசைவு’ கவிதையில் ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவே, அச்சுப் பிழையா?

பதில்: எனக்கும் முதல் தடவை அந்தச் சந்தேகம் வந்தது. பென்சிலால் ஒத்த வரிகளைக் கோடு போட்டு இணைத்தபோதுதான் புரிந்தது. ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் வரிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் வரிகளாகின்றன. எண்ணினால் 16 வரிகள், புதியவை 10தான். அந்தாதியில் சொல் சுற்றும், இங்கே முழு வரியே சுற்றுகிறது.

வடிவம் ‘பாந்துன்’ என்ற மலாய்ப் பாட்டு வகையிலிருந்து வந்தது. 1829இல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோ தன் கவிதைநூலின் குறிப்புகளில் ஒரு பாந்துனை அச்சிட்டார். போதலேரின் கவிதை 1857இல் அவருடைய நூலில் வந்தது. ஆனால் போதலேர் விதியை அப்படியே பின்பற்றவில்லை. முதல் வரி கடைசியில் திரும்பி வரவேண்டும், வருவதில்லை. 12 அசை வரிகள், இயைபு (வரியிறுதி ஓசை) இரண்டே: ‘ஈஜ்’, ‘வார்’. கவிதை தரும் தலைசுற்றல் அந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது.

உவமைகளைப் பாருங்கள். பூக்கள் தூபக் கலசம்போல் ஆவியாகின்றன, வானம் பவனிப் பீடம்போல் (நற்கருணைப் பவனி நின்று செல்லும் பீடம்) நிற்கிறது, கடைசியில் காதலியின் நினைவு கதிர்ப்பாத்திரமாக (நற்கருணையை வைத்துக் காட்டும் பாத்திரம்) ஒளிர்கிறது. மூன்றும் கத்தோலிக்கக் கோயில் சாமான்கள், மூன்றும் பிரெஞ்சில் ‘வார்’ என்றே முடிபவை! நடுவே சூரியன் தன் உறையும் ரத்தத்திலேயே மூழ்கிப்போகிறது. அந்த வரி இரண்டாம் முறை வரும்போது வெளியே இருட்டிவிட்டது, வெளிச்சம் உள்ளே போய்விட்டது. சரி, இனி சத்தமாக வாசித்துப் பாருங்கள்.