வீட்டில் ரெக்கார்டிங் செய்ய 16 பிட் போதுமா, 24 பிட் வேண்டுமா?

24 பிட்டில் எடுங்கள். வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறீர்கள், "சிடியே 16 பிட்தானே, அதற்கு மேல் காதுக்கு என்ன தெரியப்போகிறது" என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நண்பர் சொன்னதில் பாதி சரி. 1982இல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். கேட்பதற்கு அது தாராளம். ஆனால் அவர் பேசுவது பாடி, மிக்ஸ் பண்ணி, முடித்துவிட்ட பாட்டைப் பற்றி. உங்கள் கேள்வி இனிமேல் பாடப்போகிற பாட்டைப் பற்றி. எந்த இடத்தில் குரல் எவ்வளவு ஏறும் என்று பாடுகிறவருக்கே தெரியாத நேரம் அது.

பிட் என்பது ஒலியின் அளவை எத்தனை படிகளாகப் பிரித்துப் பதிகிறோம் என்பதைச் சொல்வது, டெசிபல் ஒலி அளவின் அலகு. கணக்கு சின்னதுதான். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டில் 65,536 படிகள், மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி. 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள், ஏட்டுக் கணக்கில் 144 டெசிபல். நாம் வாங்குகிற விலையில் எந்த ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) அந்த 144ஐத் தொடாது, நல்லது 110, 120 பக்கம் நின்றுவிடும். அதுவே ஏராளம். கூடுதலாக வரும் 8 பிட் உங்கள் குரலை இனிமையாக்காது. கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, தாழ்த்தி வைத்துவிட்டு நிம்மதியாகப் பாடலாம், அதுதான் லாபம். பால் காய்ச்சுகிறவர்கள் பொங்குவதற்கு இடம் விட்டுத்தானே ஊற்றுவார்கள், அதுபோல.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் அத்தை. எண்பதை நெருங்குகிறார். தஞ்சாவூர் வீணை. விரல் வலி வந்தபிறகு வாசிப்பதையே விட்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவராகவே, "இன்னிக்குக் கை கொஞ்சம் தேவலை, வேணும்னா எடுத்துக்கோடா" என்றார். ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கி, வீணையின் குடத்துக்கு எதிரே ஒரு கண்டென்சர் மைக்கை வைத்தேன். சும்மா நாலு தடவை மீட்டச் சொல்லி லெவல் பார்த்தபோது உச்சம் மைனஸ் 20 டெசிபலில் நின்றது. மீட்டரில் பூஜ்யம்தான் மேல் வரம்பு, மைனஸ் எண் அதற்கு எவ்வளவு கீழே என்று சொல்வது. அதற்கு மேல் ஏற்றவில்லை. மீட்டரில் பச்சைக் கோடு அடியிலேயே துடிப்பதைப் பார்த்துவிட்டு அத்தை, "ஏன்டா தம்பி, இந்தப் பெட்டிக்குக் கேக்கலையா? இன்னும் அழுத்தி வாசிக்கணுமா?" என்றார். "வேண்டாம் அத்தை, நீங்க உங்க பாட்டுக்கு வாசிங்க, அதுக்குக் கேக்கும்" என்றேன்.

சஹானா ராக ஆலாபனை. காந்தாரத்தை அசைத்து, அப்படியே விட்டு, தந்தி தானாக அடங்கும் வரை அடுத்த ஸ்வரத்துக்குப் போகாமல் காத்திருப்பார். அந்த அடங்கல் மைனஸ் 60க்கும் கீழே இறங்குகிறது. அப்புறம் யாரும் கேட்காமலே, லயத்தோடு வாசிக்கும் தானத்துக்குப் போனார். தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் அடிக்க ஆரம்பித்ததும் விரல் வலியெல்லாம் எங்கே போனதோ, மீட்டர் மைனஸ் 6 வரை எகிறியது. லெவல் பார்த்தபோது இருந்ததைவிட 14 டெசிபல் அதிகம்! சோதனையிலேயே மைனஸ் 3ஐத் தொடும்படி கெயின் வைத்திருந்தால் தானம் முழுக்கக் கிளிப் ஆகி, அதாவது பூஜ்யத்தைத் தாண்டி, அலையின் தலை சீவப்பட்டிருக்கும். சீவப்பட்டதை எந்த ப்ளகின் மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. அத்தையிடம் "இன்னொரு தடவை வாசிங்க" என்று கேட்கவும் முடியாது. முடித்ததும் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒலிப்பதிவுத் துறையில் நெடுநாள் வேலை பார்த்த ஒரு உறவினர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு லோவா எடுத்திருக்க? மீட்டர் மஞ்சளையாவது தொடணும்" என்றார். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அது சரியான விதி. டேப்பில் இரைச்சலை அமுக்க லெவலை ஏற்றித்தான் ஆக வேண்டும். 1987இல் வந்த டேட் (DAT, டிஜிட்டல் டேப்) கருவியும் 16 பிட்தான். 18 டெசிபல் இடம் விட்டால் 3 பிட் போய் 13 பிட்தான் கையில் நிற்கும் என்பதால் பூஜ்யத்தை ஒட்டியே ஓட்டினார்கள். 24 பிட்டில் அதே 18ஐ விட்டாலும் 21 பிட் மிச்சம், அது இன்டர்ஃபேஸின் திறமையைவிட அதிகம். பழைய விதியை இன்றைக்கும் பிடித்துக்கொண்டு புதிதாக வருகிறவர்களை விரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

துறையில் இருப்பவர்கள் திருத்த வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என் அறையின் இரைச்சல், ஃபேன் இல்லாமலே, அந்தப் பதிவில் மைனஸ் 70 பக்கம் இருந்தது. 16 பிட்டின் தரைமட்டம் அதற்கும் வெகு கீழே. ஆகவே அன்றைக்கு 16 பிட்டில் எடுத்திருந்தாலும் அத்தையின் வீணை நன்றாகவே கேட்டிருக்கும். டிதர் என்று ஒன்று உண்டு, வேண்டுமென்றே கலக்கும் மெல்லிய இரைச்சல், அது சேர்த்தால் 16 பிட்டிலும் கடைசிப் படிக்குக் கீழே உள்ள ஒலிகூடக் கொஞ்சம் கேட்கும், அதுவும் தெரியும். என் வாதம் ஒன்றே ஒன்றுதான்: தாழ்த்தி எடுத்ததைப் பின்னால் 15, 20 டெசிபல் தூக்கி, ஈக்யூ (அடி, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) எல்லாம் போடும்போது 24 பிட்டில் யோசிக்கவே வேண்டாம். உங்கள் பதிவில் "உஸ்" என்ற சத்தம் இருந்தால் அது அநேகமாக ஃபேன், ஏசி அல்லது மைக் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி). பிட்டை ஏற்றினால் அது போகாது.

32 பிட் ஃப்ளோட் பற்றிக் கேட்டிருந்தீர்கள், புள்ளி நகரும் எண்களில் ஒலியைச் சேமிக்கும் முறை அது. கிளிப்பே ஆகாது என்று விளம்பரம் செய்வது, ஒரே மைக்குக்கு இரண்டு கன்வர்ட்டர் (ஒலியை எண்ணாக மாற்றும் பகுதி) வைத்த கருவிகளில் உண்மை. 2019இல் வந்த ஸூம் எஃப்6 ரெக்கார்டர் அப்படிப்பட்டது. அதிலும் மைக்கே தாங்காத சத்தம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சாதாரண 24 பிட் இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு ஃபைலை மட்டும் 32 ஃப்ளோட்டில் சேமித்தால், உள்ளே வரும்போதே கிளிப் ஆனது கிளிப் ஆனதுதான். மிக்ஸ் செய்யும்போது மென்பொருளுக்குள் ஃப்ளோட் நல்லது, ஆடாசிட்டி மென்பொருள் தானாகவே அப்படித்தான் வைத்திருக்கும், மாற்றாதீர்கள்.

உங்களிடம் யூஎஸ்பி மைக் இருந்தால் முதலில் அது எத்தனை பிட் என்று பாருங்கள். பலர் வைத்திருக்கும் பழைய ப்ளூ யெட்டி 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதை 24 பிட்டில் பதிந்தால் மிச்சம் 8 பிட்டில் வெறும் பூஜ்யம். அந்த மைக்கோடு 16 பிட்டிலேயே எடுங்கள், உச்சம் மைனஸ் 10 பக்கம் வரட்டும். 24 பிட் இன்டர்ஃபேஸ் இருந்தால் உச்சம் மைனஸ் 12லிருந்து 18க்குள். விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்கின் அட்வான்ஸ்டு பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அங்கே 16 பிட் என்று கிடந்தால் நீங்கள் ரெக்கார்டிங் மென்பொருளில் 24 வைத்தும் பயனில்லாமல் போகலாம்.

கேட்காததையும் சொல்கிறேன். அந்தப் பதிவைக் கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் "வீணைக்கு இப்படியும் சத்தம் உண்டா" என்றார்கள். இதே ஆட்கள்தான் கல்யாண ரிசப்ஷனில் வீணை வாசிக்கும்போது முதல் பந்திக்கு எழுந்து போகிறவர்கள். மேடையில் வீணை மேல் ஒரு பிக்கப்பை (அதிர்வை நேரே பிடிக்கும் சின்னக் கருவி) ஒட்டிவிடுகிறார்கள், பலா மரக் குடத்தின் சத்தம் வரவே வராது, தந்தியின் நறுக்கு மட்டும் ஸ்பீக்கரில் வந்து குத்தும். பாடகருக்கு அரை மணி நேரம் மைக் செக் செய்கிறவர்கள் வீணைக்காரருக்கு ஐந்து நிமிஷம் தருவதில்லை. அத்தை இதையெல்லாம் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வாழ்நாள் முழுக்க வாசித்துவிட்டார். எனக்கு ஆறவில்லை.

சரி, ஃபைலுக்கு ஆகும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் மோனோவாக (ஒரே சேனலில்) ஒரு மணி நேரம் எடுத்தால் 16 பிட்டுக்குச் சுமார் 345 எம்பி, 24 பிட்டுக்குச் சுமார் 520 எம்பி. வித்தியாசம் ஒரு சீரியல் எபிசோடு அளவுகூட இல்லை. ஃப்ளாக் (FLAC) ஃபைலாக ஆக்கினால் தரம் குறையாமலே இன்னும் சுருங்கும். 24 பிட் மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சிடி போடவோ யாருக்காவது கொடுக்கவோ வேண்டுமானால் கடைசியில் டிதர் சேர்த்து 16 பிட் பிரதி எடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எந்த மைக், எந்த இன்டர்ஃபேஸ் என்று எழுதினால் கெயின் எவ்வளவு வைக்கலாம் என்றும் சொல்கிறேன்.